புல எண் 114/2-இல் காற்று இல்லை

எங்கள் ஊர் நாவல்மேட்டில் யார் யார் நிலத்தில் காற்று உண்டு, யார் யார் நிலத்தில் இல்லை என்று ஒரு திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, பனியன் முதுகோடு ஒட்டியிருக்க, அந்தச் சுவரைப் படித்தேன். புல எண் 114/1, சந்திரமோகன், காற்று உண்டு. புல எண் 114/2, தேசப்பன், காற்று இல்லை.

தேசப்பன் நான். சந்திரமோகன் என் சகலை. என் மனைவி நர்மதாவின் அக்கா செண்பகத்தைக் கட்டியவன். மாமனார் இரண்டு மருமகன்களுக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நடுவில் ஒரு முள்வேலி, அவ்வளவுதான். என் பங்கு கடல் பக்கம், அவன் பங்கு ரோட்டுப் பக்கம். பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி வருகிற காற்று முதலில் என் நிலத்தில் நுழைந்து, என் முருங்கைக் கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் அவன் நிலத்துக்குப் போயாக வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. என் நிலத்தில் இல்லாத காற்று அவன் நிலத்தில் எப்படி உண்டாயிற்று என்று பட்டியலை ஒட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்குக் கிடைக்காமல் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் நர்மதாவிடம் சொன்னேன்.

"யாருக்கு கீதாம்?" என்றாள்.

"உங்க மாமாவுக்கு."

"நம்பளுக்கு?"

"இல்லியாம்."

அவள் துணி காயப்போட்ட கொடியைப் பார்த்தாள். என் லுங்கி கொடியில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், அதாவது காற்று உள்ள நிலத்தில், போய் விழுந்து கிடந்தது. "அப்போ இத்த யாரு தூக்கினு போய் அங்க போட்டது?" என்று கேட்டாள்.

இந்தப் பட்டியலைத் தயாரித்தது உள்ளூர்க் காற்றுத் திட்டக் குழுமம். எட்டு வருஷம் உட்கார்ந்து அறுநூறு பக்கத்துக்கு ஒரு கொள்கை எழுதியிருந்தார்கள். காற்றாலை எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஊருக்கு ஒரே ஒரு காற்றாலை. அது நிற்கிற நிலத்தின் சொந்தக்காரருக்கு வருஷா வருஷம் வாடகை. சும்மா கிடக்கிற முள்ளுக்காட்டில் ஒரு கம்பத்தை நட்டுவிட்டு, அது பாட்டுக்குச் சுற்ற, இவன் பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருப்பான். நான் மட்டும் உலை வாயில் நின்று வெந்துகொண்டிருக்க வேண்டும்.

சந்திரமோகன் வள்ளூரில் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். அங்கேயே வாடகை வீட்டில் குடியிருக்கிறான். மறுநாளே பைக்கில் ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டான். உள்ளே வா என்றால் வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"இன்னா சகலை, போர்டு பாத்தியா? நம்ப நெலத்துல காத்து கீதாம்."

"உன் நெலத்துல."

"அதான் நம்ப நெலம். எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும் சகலை. கரண்டு நம்ப கையிக்கு ராசி. அங்க நெருப்புல கரண்டு, இங்க காத்துல கரண்டு." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ வுடு, உனக்கும் வேற எதுனா கெடைக்கும். மழ கிழன்னு எதுனா ஸ்கீம் வரும்" என்றான்.

நான் அந்த மைசூர்பாகைத் தின்றேன். நல்ல நெய் மைசூர்பாகு. அதுவும் சேர்ந்து எரிந்தது.

அடுத்த மாதம் அவன் பெண்ணுக்குக் காது குத்தினான். பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே 'காற்று நில உரிமையாளர்' என்று அச்சடித்திருந்தான். விருந்து முடிந்து நாங்கள் கிளம்பும்போது செண்பகம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து தங்கையின் கையில் கொடுத்தாள். டேபிள் ஃபேன்.

"உங்க பக்கம் காத்தே இல்லியாமேடி. புழுங்காதா? மனசு கேக்கல" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது நிஜமான தண்ணீர்தானா என்று நானும் நர்மதாவும் ஷேர் ஆட்டோவில் மீஞ்சூர் வருகிற வரைக்கும் பேசினோம்.

பெட்டியை நர்மதா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் ஒரு மூலையில் வைத்தாள். பிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நான் வேலை முடிந்து வந்ததும் முதலில் அந்தப் பெட்டியைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை சும்மா இருக்க முடியாது. நான் ஒரு நாள் லீவு போட்டுக் குழும அலுவலகத்துக்குப் போனேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடியில் இருந்தது அலுவலகம். ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். காற்றடித்தால் ஃபைல்கள் பறக்கின்றனவாம். ஒவ்வொரு மேசையிலும் கண்ணாடிக் குண்டு, கருங்கல், சைக்கிள் செயின் என்று எதையாவது காகிதத்தின் மேல் வைத்திருந்தார்கள். தமிழ்செல்வி என்ற உதவியாளர் அம்மாள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே என்னை விசாரித்தார்.

"காத்து இல்லன்னு வந்தவங்களா? ஃபார்ம் நாலு. மூணு செட். காத்து இருக்குறதுக்கு ஆதாரம் வைக்கணும்."

"இன்னா ஆதாரம்மா வைக்கிறது? வந்து நின்னு பாருங்க."

"அப்டில்லாம் நின்னு பாக்க முடியாது. வி.ஏ.ஓ. சர்ட்டிபிகேட் வேணும்."

வி.ஏ.ஓ. நல்ல மனிதர். பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். நஞ்சைக்குக் கட்டம் இருந்தது, புஞ்சைக்கு இருந்தது, கிணற்றுக்கும் மரத்துக்கும் இருந்தது. காற்றுக்கு இல்லை. "மரம் ஆடிச்சின்னு வேணா எழுதித் தரேன். எதனால ஆடிச்சின்னு என்னால எழுத முடியாதுப்பா" என்றார். அதையாவது கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனேன்.

தமிழ்செல்வி படித்துப் பார்த்து, எந்தத் திசையிலிருந்து காற்று வந்து மரம் ஆடியது என்று கேட்டார். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கே இருந்து வரும் என்றேன்.

"வடக்கன்னா ஆந்திரா. அது வெளி மாநிலக் காத்து. அதுக்கு அந்த கவர்மெண்டுகிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும். வேற காத்து எதுனா இருக்கா?"

"கடல் காத்து கீதும்மா. நெதமும் மத்தியானம் வரும்."

"கடல்னா சென்ட்ரல் கவர்மெண்ட்" என்று அவர் பேனாவை மூடினார். "கருத்துக் கேட்புக் கூட்டம் போடுறோம். அங்க வந்து சொல்லுங்க."

கூட்டம் வருவதற்குள் சந்திரமோகனின் அட்டகாசம் தாங்க முடியாமல் போயிற்று. முள்ளை எல்லாம் வெட்டி நிலத்தைச் சுத்தம் செய்தான். காற்றாலை வருகிற இடம் என்று சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து, அந்த வட்டத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொள்வான். "ஆஹா, இன்னா காத்து, இன்னா காத்து" என்று வேலி தாண்டிக் கேட்கிற மாதிரி சொல்வான். அத்தனையும் என் நிலத்தைத் தாண்டிப் போன காற்று. என் காற்றை அவன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆனால் காற்றாலை மட்டும் வரவில்லை. அடுத்த வாரம் மெஷின் வருகிறது, அடுத்த மாதம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஃபைல் எங்கேயோ நிற்கிறதாம், எதனால் என்று அவனுக்கும் தெரியவில்லை. அந்த நான்கு மாதமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் லாரி ஷெட்டிலிருந்து ஒரு பெரிய தார்ப்பாயை வாங்கி வந்து வேலி நெடுக உயரமாகக் கட்டினேன். இனி என் காற்று அந்தப் பக்கம் போகாது. சகலை நாற்காலியில் புழுங்கிப்போய் எழுந்து நின்றதைத் தார்ப்பாய் ஓரமாக எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் அனுபவிக்கவில்லை. மூன்று மணி வாக்கில் தார்ப்பாய் நடுவே கிழிந்து, கம்போடு பிடுங்கிக்கொண்டு அவன் பக்கம் போய் விழுந்தது. அவன் அதை மடித்து எடுத்துக்கொண்டு போய் ஆதாரமாக வைத்துப் புகார் எழுதிக் கொடுத்தான். பத்தாம் நாள் எனக்கு நோட்டீஸ் வந்தது. காற்று இல்லாத நிலத்தில் நின்றுகொண்டு காற்றை மறித்தது குற்றம் என்றும், மீண்டும் மறித்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் எழுதியிருந்தது.

அந்த வாரத்தில்தான் நர்மதாவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு, நான் ஷிஃப்டில் இருந்தபோது, குழுமத்து ஆட்கள் ஜீப்பில் வந்திருக்கிறார்கள். கிண்ணம் கிண்ணமாகச் சுற்றுகிற ஒரு கருவியை எங்கள் நிலத்தில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"எத்தினி மணிக்கு?"

"பதினோரு மணி இருக்கும். ஒரு எல கூட அசையல. நம்ப ஊட்ல வந்து தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. அப்பறம் மாமா பிரியாணி வாங்கினு வந்து, மரத்தாண்ட ஒக்கார வச்சி, அல்லாருக்கும் போட்டாரு. துன்னுட்டு ஒரு தூக்கம் தூங்கிட்டு மூணு மணிக்குத்தான் அந்தப் பக்கம் அளந்தாங்க."

எங்கள் பக்கத்தில் கடல் காற்று ஒரு மணிக்கு மேல்தான் கிளம்பும். இது பழவேற்காட்டில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். என் நிலத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் அளந்திருக்கிறார்கள். அவன் நிலத்தைச் சாப்பாட்டுக்குப் பின்னால் அளந்திருக்கிறார்கள். ஒரு பொட்டலம் பிரியாணியில் என் காற்று போய்விட்டது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. 'காற்று வளம், நம் வளம்' என்று எழுதிய பேனர் இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு போய்த் தலைமை தாங்க வந்தவர் மேலேயே விழுந்ததால், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டார்கள். உள்ளே இருநூறு பேர் வேர்த்து ஊற்றிக்கொண்டு இருந்தோம். குழுமத்தின் திட்ட அலுவலர் ஸ்டீபன் சார் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, காற்று பொதுச் சொத்து. அது யாருக்கும் சொந்தம் இல்லை. யாருக்கும் சொந்தம் இல்லாத ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் நாங்கள் இருக்கிறோம். இதற்கு முன்பு இந்தப் பகுதியில் காற்று எந்தத் திட்டமும் இல்லாமல், யாரையும் கேட்காமல் வீசிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டுகள் அல்லும் பகலும் உழைத்து அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு நாளைக்கூட நாங்கள் வெளியில் சுற்றி வீணாக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு நாள் மட்டும், விதி இருப்பதால், வெளியே வந்தோம். காற்றின் போக்கு மாறினால் என்ன செய்வீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கொள்கையை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் திருத்த முடியும். அதுவரை காற்றும் பொறுமையாக இருக்க வேண்டும்."

கைதட்டினோம். கைதட்டும்போது கொஞ்சம் காற்று வந்தது, அதனால் நிறைய நேரம் தட்டினோம்.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்திருந்த அங்காளம்மாள் எழுந்தார். அவர் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக ஏரியில் வலை போடுகிறவர்.

"நைனா, நீ அளந்தது எந்தக் காத்து? வாடையா, கொண்டலா, கச்சானா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாசம், ஒவ்வொரு வேளைக்கு வரும். அத்த பாத்துத்தான் நாங்க தோணி எடுக்குறோம். நீ எல்லாத்தையும் ஒரு நாளுல, ஒரு கிண்ணத்துல அளந்துட்டேன்றியே?"

ஸ்டீபன் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அம்மா, கொள்கையில் ஒரே ஒரு காற்றுதான் இருக்கிறது. நீங்கள் சொல்கிற மற்றவை எல்லாம் அனுமதி பெறாதவை" என்றார். பிறகு பக்கத்தில் திரும்பி, "மீனவர் பிரதிநிதி திட்டத்தை வரவேற்றார் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். தமிழ்செல்வி எழுதிக்கொண்டார்.

நானும் எழுந்தேன். முன்வரிசையில் சகலை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் குரல் வந்துவிட்டது.

"சார், என் நெலத்த பதினோரு மணிக்கு அளந்தீங்க. அவரு நெலத்த மூணு மணிக்கு அளந்தீங்க. கடல் காத்து ஒரு மணிக்கு மேலதான் சார் வரும்."

"உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் காலையில் உங்கள் நிலம், மாலையில் அவர் நிலம் என்பது எங்கள் பயண நிரல். உங்கள் நிலத்துக் காற்று பயண நிரலுக்கு ஒத்துழைக்கவில்லை. அவர் நிலத்துக் காற்று ஒத்துழைத்தது. இருந்தாலும் குழுமம் கருணை உள்ளது. உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்தால் மறுபடியும் அளப்போம்."

மறுநாளே போய் தமிழ்செல்வியிடம் அந்தப் பத்திரத்தை வாங்கினேன். 'மேற்படி நிலத்திலும் அதைச் சுற்றி முந்நூறு மீட்டர் தூரத்திலும் குடியிருப்பு வீடு எதுவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"அம்மா, என் நெலத்துலயே ஊடு கீதும்மா. நான் அங்கதான் குடியிருக்கேன்."

"காத்தாடிக்கு முந்நூறு மீட்டருக்குள்ள ஊடு இருக்கக் கூடாது. அது விதி."

"உங்க ஆளுங்களே அந்த ஊட்ல தண்ணி வாங்கிக் குடிச்சிகிறாங்களே?"

"அவங்க காத்த அளக்க வந்தவங்க. ஊட்ட பாக்குறது வேற செக்‌ஷன்." அவர் கொஞ்சம் இறங்கிவந்து, "எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் போறாங்க. பேப்பருக்குத்தான். ஊடு இருக்குதுன்னு எழுதினா ஃபார்ம் உள்ளயே போவாது. உங்களுக்குக் காத்து வேணுமா, வேணாமா?" என்றார்.

பத்திரத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். நர்மதா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு அது. இரண்டு அறை, மேலே தளம். நான் ஓவர்டைம் பார்த்து, அவள் பேக்கிங் கம்பெனிக்குப் போய், கல் கல்லாகச் சேர்த்தது. தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்ததெல்லாம் அவள்தான்.

"இன்னாயா இது? நம்ப ஊடு இல்லன்னு நம்பளே எழுதித் தர்றதா?"

"பேப்பர்லதான் இல்ல. இங்க கீதே."

"பேப்பர்ல காத்து இல்லன்றதுக்குத்தான நீ இந்த குதி குதிச்சே? அதும் இங்க கீதே?"

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் பைக் சத்தம் கேட்டது. சகலை ஒரு புரோகிதரைக் கூட்டி வந்து சுண்ணாம்பு வட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். பூமி பூஜைக்கு நாள் பார்க்கிறான். செண்பகம் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். நர்மதா அந்தப் புடவையை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் பேனாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி அளக்க வந்த அன்று ஒரு மணிக்கே ஜீப்பை மடக்கினேன். சகலை போட்டது கோழி. நான் மட்டன் போட்டேன், தாளிச்சா, அவித்த முட்டை, பீடா எல்லாம் வைத்தேன். மூன்று மணிக்குக் கருவியை நட்டார்கள். கிண்ணங்கள் சுற்றிய சுற்றில் ஒன்று கழன்று பறந்து போயிற்று. வேலி ஓரம் நின்று பார்த்த சகலையின் முகம் சுருங்கியது. அந்த முகத்துக்காக நான் இன்னும் நாலு ஆட்டை வெட்டியிருப்பேன்.

உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. குழுமத்தில் எதுவும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. எங்கள் இரண்டு பேரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, ஸ்டீபன் சார் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மிஸ்டர் தேசப்பன், வாழ்த்துகள். உங்கள் நிலத்தில் காற்று உண்டு என்று குழுமம் ஏற்றுக்கொள்கிறது." லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார். நான் திரும்பிச் சகலையைப் பார்த்தேன். அவன் தலை குனிந்திருந்தது.

"ஆனால் ஊருக்கு ஒரு காற்றாலைதான். முதலில் வந்த ஃபைல் மிஸ்டர் சந்திரமோகனுடையது. அவர் ஃபைல் இத்தனை மாதம் நின்றதற்கு ஒரே காரணம், பக்கத்து நிலத்தில் ஒரு வீடு இருப்பதாக எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உங்கள் உறுதிமொழியால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. காற்றாலை அவர் நிலத்துக்கு வருகிறது. தன் சகலைக்காக ஒருவர் தாமாகவே முன்வந்து இப்படி எழுதிக் கொடுத்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை."

"சார், அங்க ஊடு கீது சார்" என்றேன்.

"அதையும் பார்த்துவிட்டோம். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் இடத்தைப் பார்க்கப் போனபோது உங்கள் நிலத்தில் ஒரு கட்டடம் நிற்பதாகச் சொன்னார்கள். வீடு இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கும்போது அது வீடாக இருக்க முடியாது. பதிவேட்டுக்கு முரணாக நிற்கிற கட்டடம். முப்பது நாளில் அகற்றுவோம். உங்களுக்கு எந்தச் சிரமமும் வேண்டாம், நாங்களே ஆள் அனுப்புகிறோம்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஜன்னல் மூடியிருந்ததால் என்று முதலில் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் அலைந்ததைச் சொன்னால் இன்னொரு அறுநூறு பக்கம் ஆகும். வீட்டு வரி ரசீதைக் காட்டினேன். அது வரி கட்டியதற்கு ஆதாரம்தானே தவிர வீட்டுக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ரேஷன் கார்டைக் காட்டினேன். அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், சுவர் இல்லையே என்றார்கள். கடைசியில் தமிழ்செல்விதான் மனம் இரங்கி ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து நிலத்துக்காரர், அங்கே வீடு இருப்பது உண்மைதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இடிப்பதை நிறுத்தலாம். எனக்குக் கிழக்கே ஏரி, வடக்கேயும் தெற்கேயும் புறம்போக்கு. பக்கத்து நிலத்துக்காரன் என்று உலகத்தில் எனக்கு ஒருத்தன்தான் உண்டு.

இடிப்பதற்கு மூன்று நாள் இருக்கும்போது வள்ளூருக்குப் போனேன். சந்திரமோகன் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. குழாயடியைத் தாண்டிப் போக வேண்டும். செண்பகம் டீ வைத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டாள். நான் படிவத்தை நீட்டினேன். அவன் இரண்டு முறை படித்தான்.

"இதுல போட்டா காத்தாடி போயிடும்ல?"

"போயிடும்."

"போடலன்னா ஊடு போயிடும்."

"ஆமா சகலை."

அவன் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு சொன்னான், "உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. பன்னெண்டு வருஷமா இந்தப் பொந்துல கீறேன். வருஷத்துக்கு ஒரு தபா ஊட்டுக்காரன் வந்து காலி பண்ணுன்றான். நீ ஊடு கட்டிப் பால் காச்சினியே, அன்னிலேர்ந்து இவ எங்கூட ஒழுங்கா பேசல. தங்கச்சி சொந்த ஊட்ல கீறா, நான் மட்டும் ஒண்டுக் குடித்தனத்துல கீறேன்னு நெதமும் பேஜாரு. எனக்கும் உன் ஊட்ட பாத்தா ஒரு மாதிரியா இருக்கும், பொய் சொல்லக் கூடாது. காத்தாடிக்கு எழுதிப் போட்டதே அதுக்குத்தான் சகலை. உன் ஊட்ட வுட ஒசரமா என் நெலத்துல ஒண்ணு நிக்கணும்."

அவன் குரலில் பகை இல்லை. என் கை மேல் கை வைத்துத்தான் சொன்னான். பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான், மறுபடி மூடினான். படிவத்தை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தான்.

அவன் கையெழுத்துப் போடவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்.

நான் ஊர் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நர்மதா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். தலை வாரவில்லை, முகம் கறுத்திருந்தது.

"போட்டாரா?"

"போடல."

"இன்னா சொன்னாரு?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் கட்டிக்கொண்டிருந்த சாக்கை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்காவா? நம்ப ஊட்ட பாத்தா?"

"ஆமா."

"எப்போலேர்ந்து?"

"பால் காச்சின அன்னிலேர்ந்து. ஆறு வருஷமா நெதமும் வயிறெரியுதாம். புருஷன்கிட்ட ஒழுங்கா பேசறதுகூட இல்லியாம்."

"மாமாவே சொன்னாரா? அவரு வாயால?"

"அவரு வாயாலதான்."

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பல மாதம் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. மெதுவாக வந்து முகம் முழுக்கப் பரவியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

"எப்போ இடிக்க வராங்க?" என்று கேட்டாள்.

"வியாழக்கெழம."

"அப்போ நாளைக்கே அக்காவயும் மாமாவயும் சாப்புடக் கூப்புடுயா. ஒரு தபா நல்லா உள்ள வந்து சுத்திப் பாத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டாள்.